வண்டி நின்றிருந்த பத்து நிமிஷம்

இந்தக் கதை எனக்குத் துண்டு துண்டாக வந்து சேர்ந்தது. சங்கரேஸ்வரி அக்கா மதுரை ஹாஸ்டலில் எனக்கு இரண்டு வருஷம் மூத்தவள். இப்போது கணவரோடு கலிபோர்னியாவில் ஃப்ரீமாண்ட் என்ற ஊரில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்குப் போன் செய்வாள். அங்கே அப்போது சனிக்கிழமை சாயங்காலம். வெங்காயம் நறுக்கிக்கொண்டே பேசுவாள். ஒரு ஞாயிறு சொன்னதை அடுத்த ஞாயிறு திருத்துவாள். அவள் சொல்லும் மலையை நான் பார்த்ததில்லை; செல்போன் வரைபடத்தில் பாதையை விரலால் நகர்த்திப் பார்த்துக்கொண்டேன். அவள் சொன்னது எது, நான் கோத்துக்கொண்டது எது என்று சில இடங்களில் எனக்கே பிரிக்கத் தெரியவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அவள் ‘நான்’ என்று சொன்னதை ‘அவள்’ என்று மாற்றி எழுதிப் பார்த்தேன், பொய் சொல்வதுபோல் இருந்தது. ஆகவே இனி வரும் ‘நான்’ சங்கரி அக்கா.

*

பேசுறாரு மதினி, நல்லாப் பேசுறாரு, அண்ணனைத்தான் கேக்குறாரு. அழகர் இப்படித்தான் சொன்னான். அழகர் என் கொழுந்தன், என் புருசன் மாரீஸுக்கு ஒரே தம்பி, விருதுநகரில் மாமாவோடு, அவர்கள் அப்பாவோடு, இருப்பவன். நெஞ்சு வலின்னு சாயங்காலமே கூட்டிட்டு வந்துட்டோம் மதினி, மதுரையில சேத்துருக்கோம், அண்ணன் எங்க, வண்டி ஓட்டுறாரா? இல்லப்பா, கல்யாண நாளுன்னு வெளியூர் கிளம்புனோம், பெட்ரோல் போட நிறுத்தியிருக்கோம், காபி வாங்க உள்ள போயிருக்காரு, இனிமேத்தான் மலை ஏறணும். மலையா, என்றான். பின்னால் ஒரு பொம்பளைக் குரல் ஏதோ சொன்னது, அத்தையாக இருக்கலாம், வேறு யாரோவாகவும் இருக்கலாம். அப்ப நிதானமாப் போங்க மதினி, நிறுத்துனதும் அண்ணனைப் பேசச் சொல்லுங்க, என்று சொல்லும்போது அவன் குரல் உடைந்துவிட்டது. உடைந்ததை மறைக்க இருமினான். நான் மாரீஸின் போனைக் காதிலிருந்து எடுத்து, திரையைப் பார்த்தேன். பதினொன்று பத்து. ஊரில் ராத்திரி பதினொன்று நாற்பது. நெஞ்சு வலி என்று சொல்ல யார் அந்த நேரத்தில் கூப்பிடுவார்கள். கண்ணாடிக் கதவுக்கு உள்ளே மாரீஸ் வரிசையில் நிற்பது தெரிந்தது, அவனுக்கு முன்னால் மூன்று பேர். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு சுவரில் ஒட்டியிருந்த எதையோ படித்துக்கொண்டிருந்தான். நான் அவன் போனை விமானத்தில் செய்வதுபோல் அழைப்பு எதுவும் வராமல் அடைத்தேன். என் போனையும் எடுத்து அடைத்தேன். இரண்டையும் என் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தேன். அவன் இரண்டு காபியோடு வந்து, கதவை முழங்கையால் திறந்து, என்ன மேடம், காசினோவுக்குப் போற மூஞ்சி மாதிரியே இல்லையே, தோத்துட்டு திரும்பி வர்ற மூஞ்சியா இருக்கே, என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. நிஜமாகவே வந்தது, அதுதான் பயமாக இருந்தது. ஒன்றுமில்லை, தலைவலி, என்றேன். அவன் கப்பை என் கையில் கொடுத்து, பிடி, இது உனக்கு, சர்க்கரை மூணு, என்றான். வண்டி நின்றுகொண்டிருந்தது. சாவி அவன் சட்டைப் பையில் இருந்தது. அவன் கையில் ஸ்டியரிங் இல்லை, காபி இருந்தது. வரிசையில் நின்றது, வந்தது, மூடியைத் திறந்து ஊதிக் குடித்தது என்று எல்லாம் சேர்த்தால் பத்து நிமிஷம் இருக்கும். அந்தப் பத்து நிமிஷத்தில் நான் சொல்லியிருக்கலாம்.

எங்கள் அப்பா செத்ததை எனக்கு எப்படிச் சொன்னார்கள் என்று நினைக்கிறேன். நினைக்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே நினைக்கிறேன். செகண்ட் இயர். வார்டன் வகுப்பு வாசலுக்கு வந்து, சங்கரேஸ்வரி, உங்க சித்தப்பா வந்திருக்காரு, என்றார். சித்தப்பா வேஷ்டியை மடித்துக் கட்டாமல் நின்றார், அதை நான் கவனித்திருக்க வேண்டும். அப்பாவுக்கு லேசா காய்ச்சல்மா, ஆஸ்பத்திரில வச்சுருக்கோம். எப்படி இருக்காரு? பேசிட்டுத்தான் இருக்காரு, உன்னைத்தான் கேக்குறாரு. இதே சொற்கள். உன்னைத்தான் கேக்குறாரு. மாட்டுத்தாவணியில் பஸ் ஏறியதும் ஜன்னல் பக்கம் உட்காரு என்றார், என்றைக்கும் இல்லாத மரியாதை. கடலை வாங்கித் தந்தார். நான் தின்றேன். பேசுகிறார், கேட்கிறார் என்றால் எனக்கென்ன கவலை, உப்புக் கடலை, சூடாக இருந்தது, பொட்டலத்தின் அடியில் உடைந்த துணுக்குகளைக் கூட விரலை எச்சில் தொட்டு ஒற்றி எடுத்துத் தின்றேன். காரியாபட்டி தாண்டியதும், ஆஸ்பத்திரிலேர்ந்து வீட்டுக்கு அனுப்பிட்டாங்களாம், என்றார். அதுவும் எனக்கு நல்ல சேதியாகத்தான் பட்டது. எங்கள் தெரு திரும்பும்போது வாடகை நாற்காலிகளை ஒரு ஆள் சைக்கிளில் இருந்து இறக்கிக்கொண்டிருந்தார், சிவப்பு நாற்காலிகள், ஒன்றுக்குள் ஒன்று செருகியது. அப்போது என் வாயில் கடலை இருந்தது. முழுங்கவா துப்பவா என்று தெரியவில்லை. முழுங்கினேன். அதற்கப்புறம் எனக்கு எங்கள் ஊர் பாஷை புரிந்துவிட்டது. காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரி என்றால் முடிந்தது, பேசுகிறார் என்றால் இனி பேசமாட்டார். எங்கள் பெரியத்தைக்கு அப்படித்தான் சொன்னார்கள், பக்கத்து வீட்டு ராஜகனிக்கு அவள் மகன் பைக்கில் போனபோது அப்படித்தான் சொன்னார்கள். ஒரு படி, இன்னொரு படி என்று இறக்குவார்கள். யாரும் நேரே கதவைத் திறந்து சொல்வதில்லை. அழகர் மட்டும் வேறு எப்படிச் சொல்வான். சின்னப் பையனில் இருந்து அவனும் இதைத்தானே பார்த்து வளர்ந்தான்.

மாரீஸ் ஆப்பிள் தோட்டத்தில் நிறுத்த வேண்டும் என்றான். வழியிலேயே வருது, அக்டோபர் மாசம் எல்லாரும் நிறுத்துவாங்க, ஆபீஸ்ல எல்லாரும் சொன்னாங்க. வேண்டாம், நேரே போகலாம், என்றேன். என்ன அவசரம், காசினோ ஓடியா போகும், கல்யாண நாள் அதுவுமா ஒரு டோனட் வாங்கிக் குடுக்காத புருசன்னு உங்க அம்மாகிட்ட போட்டுக் குடுக்கவா. அவன் நிறுத்தினான். வெயிலும் குளிரும் சேர்ந்து இருந்தது. வைக்கோல் கட்டுகள் மேல் குழந்தைகள் ஏறிக் குதித்தன, மஞ்சள் பூசணிக்காய்கள் குவித்துக் கிடந்தன, எண்ணெயில் பொரியும் வாசனை மாவும் பட்டையுமாக வந்தது. அவன் காகிதப் பையில் ஆறு டோனட் வாங்கிவந்து, மரப் பெஞ்சில் உட்கார்ந்து, ஒன்றை எடுத்துக் கடித்தான். சர்க்கரை அவன் மீசையில் ஒட்டியது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். சாப்பிடாதே என்று சொல்ல வேண்டும். சாவு வீட்டுக்காரன், மூத்த பிள்ளை, கொள்ளி வைக்க வேண்டியவன், அவனுக்கு நான் டோனட் தின்னக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். என் சித்தப்பா பொட்டலத்தை நீட்டியபோது என் முகத்தைப் பார்க்கவில்லை, ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். நானும் இப்போது பூசணிக்காய்களைப் பார்க்கிறேன். அந்த மனுசனை நான் பத்து வருஷமாகத் திட்டிக்கொண்டிருந்தேன். மாரீஸ் இரண்டாவதை எடுத்தான். அப்பா இருந்தா ஆறையும் அவரே முடிச்சிருப்பாரு, சுகரு கிகருன்னு டாக்டர் சொன்னா டாக்டரை மாத்துவாரு. இருந்தா என்று சொல்லிவிட்டான். எனக்கு ஒரு நொடி அவனுக்குத் தெரிந்துவிட்டது என்றே தோன்றியது. இல்லை, இங்கே இருந்தால் என்ற அர்த்தத்தில்தான் சொன்னான். நீ ஒண்ணு எடு, என்றான். எடுத்தேன். தலைவலிக்காரி தின்னாவிட்டால் கேட்பான். கடித்தேன். சூடாக இருந்தது. முழுங்கினேன்.

ஸ்டியரிங் பிடிச்சிருக்கிறவன் காதுல சாவுச் செய்தி போடக்கூடாதும்மா. இதைச் சொன்னவர் மாமாதான், வேறு யாரோ அல்ல. கல்யாணமான புதுசில், விருதுநகர் வீட்டில், முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே சொன்னார். ரிட்டயர்டு டிரைவர், கொடைக்கானல் ரூட்டில் பதினாலு வருஷம் கவர்மெண்ட் பஸ் ஓட்டியவர். அவருடைய அம்மா செத்த அன்றைக்கு அவர் மதுரையிலிருந்து வண்டி எடுத்துப் பத்து நிமிஷம் ஆகியிருந்ததாம். டிப்போவில் இருந்து வத்தலக்குண்டு டைம் கீப்பருக்குப் போன் போய்விட்டது. டைம் கீப்பர் இவருக்கு டீ வாங்கிக் கொடுத்திருக்கிறார். கண்டக்டருக்கும் தெரியும். அன்றைக்குக் கண்டக்டர் வழியெல்லாம் இவர் பக்கத்திலேயே நின்று கதை பேசிக்கொண்டு வந்தாராம். ஏத்தி இறக்கிட்டு, மறுபடி மதுரை வந்து, கையெழுத்துப் போட்ட பின்னாடிதாம்மா தோள்ல கை வச்சுச் சொன்னாங்க. கோபம் வரலையா மாமா, என்று கேட்டேன். எதுக்குக் கோபம், வண்டில அம்பது பேர் இருந்தாங்கள்ல, நல்ல மனுசங்கம்மா அவங்க. கீரைக் காம்பை ஒடித்துக்கொண்டே சொன்னார். நான் அவர் சொன்னதைத்தான் செய்கிறேன். அவர் சொன்னதை அவர் சாவுக்கே செய்கிறேன். ஆனால் அந்த டைம் கீப்பரும் கண்டக்டரும் வேறு டிரைவர் இல்லாததால் செய்தார்கள். அங்கே பஸ் புறப்பட்டுவிட்டது. இங்கே வண்டி நின்றுகொண்டிருந்தது. மறுபடி அங்கேதான் வந்து நிற்கிறேன். சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பான். உடனே திருப்பு, வீட்டுக்குப் போய் பாஸ்போர்ட்டை எடுக்கணும் என்று அழுதுகொண்டே ஓட்டியிருப்பான், இரண்டரை மணி நேரம், லாரிகளுக்கு நடுவே, நூற்றுப் பத்து வேகத்தில். எனக்கு லைசென்ஸ் இல்லை. இரண்டு முறை தோற்றேன், மூன்றாவது முறை போகவில்லை. எனக்கு ஓட்டத் தெரிந்திருந்தால், நகரு, நான் ஓட்டுறேன், என்று சொல்லியிருப்பேன். சொல்லியிருப்பேனா.

ஆறு ஒரு பக்கம் வந்தது. பாறைகளுக்கு நடுவே வெள்ளையாக நுரைத்துக்கொண்டு, கண்ணில் பட்டுப் பட்டு மறைந்தது. பச்சைப் பலகைகளில் நாலாயிரம் அடி, ஐயாயிரம் அடி என்று போட்டிருந்தார்கள். காது அடைத்தது. மாரீஸ் கொட்டாவி விட்டு, கொட்டாவி விடு, காது திறக்கும், என்றான். சில வருஷம் முன்னால் எரிந்த காடு வந்தது. மலைச்சரிவு முழுக்கக் கறுப்புக் கம்பங்களாக மரங்கள், அடியில் மட்டும் புதுப் பச்சை. நான் ஐஸ் பெட்டியை நினைத்தேன். மதுரையில் இருந்து ஆம்புலன்சில் கொண்டு வருவார்கள், பெட்டிக்கு மேல் கண்ணாடியில் தண்ணீர் பூத்து முகம் தெரியாமல் போகும், யாராவது துண்டால் துடைத்துக்கொண்டே இருப்பார்கள். மூத்தவன் வரட்டும் என்று எத்தனை நாள் வைப்பார்கள். இரண்டு நாளா, மூன்றா. மாரீஸ் நாலு வருஷமாக ஊருக்குப் போகவில்லை. விசா முத்திரை குத்தாமல் இருக்கிறது, போனால் திரும்ப விடுவார்களோ மாட்டார்களோ என்று ஒவ்வொரு கோடையும் அடுத்த கோடை என்றோம். மாமா ஒருநாளும் வா என்று கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வந்து, அங்கன ரோட்டுல பள்ளமே கிடையாதாமே, அப்புறம் எப்படிடா முழிச்சிருந்து ஓட்டுறீங்க, என்பார். ரோடு வேலை நடக்கும் இடத்தில் நிறுத்தினார்கள். ஆரஞ்சுச் சட்டைக்காரி ஒருத்தி ‘நில்’ பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எங்களுக்கு முன்னால் பதினைந்து வண்டி. மாரீஸ் இன்ஜினை அணைத்தான். இப்போதும் வண்டி நிற்கிறது. இப்போது சொல்லலாம். ஒருவேளை அழகர் சொன்னது உண்மையாக இருந்தால். இந்த நினைப்பு இங்கேதான் முதலில் வந்தது, இன்ஜின் சத்தம் நின்ற இடத்தில். ஒருவேளை பேசுகிறார் என்றால் பேசுகிறாராக இருந்தால். கைப்பையின் ஜிப்பைக் கால்வாசி திறந்தேன். சிக்னல் இருக்கா, என்று மாரீஸிடம் கேட்டேன். இங்கயா, இந்தப் பள்ளத்தாக்குல கிடைக்காது, மேல போனாத்தான், எதுக்கு? சும்மா. யாருக்குப் பேசப் போற? யாருக்கும் இல்ல. அவன் என்னைப் பார்த்தான். சொல்லு சங்கரி. ஒண்ணுமில்ல மாரீஸ், தலைவலி. இல்லை, அவர் போய்விட்டார். நான் ஏன் எனக்கு நானே கடலை வாங்கிக் கொடுக்கிறேன். ஆசையைக் கொடுத்துப் பிடுங்குவதுதான் எல்லாவற்றிலும் கொடுமை, அதை நான் அவனுக்குச் செய்யமாட்டேன், ஆஸ்பத்திரி என்று ஆரம்பித்துப் படிப்படியாக இறக்கமாட்டேன், சொன்னால் ஒரே அடியாகச் சொல்வேன். அதை நினைத்ததும் எனக்குள் ஒரு சின்னப் பெருமை வந்தது. பெருமை. அந்த நேரத்தில். ஆரஞ்சுச் சட்டைக்காரி பலகையைத் திருப்பினாள். ஜிப்பை மூடினேன்.

உச்சியில் எக்கோ சம்மிட் என்று பலகை. அதைத் தாண்டியதும் மலை இடது பக்கம் அப்படியே அறுந்து விழுந்தது, கீழே வெகு தூரத்தில் ஏரி. டாஹோ ஏரி. நீலம் என்று சொன்னால் போதாது, எங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் எதைக் காட்டிச் சொல்வேன், புது மையை வெள்ளைத் துணியில் கொட்டினாற்போல். மாரீஸ் பார்வையிடும் இடத்தில் ஓரங்கட்டி இறங்கி, கைகளை விரித்து, ஐயோ, என்றான். சின்னப் பையன்போல் ஐயோ, ஐயோ என்று இரண்டு முறை. உங்க காரியாபட்டியில இருக்கா இப்படி ஒண்ணு? உங்க விருதுநகர்ல மட்டும் என்ன வாழுது, கல்குவாரிதான். அட, வாய் திறந்துட்டா, தலைவலி போயிருச்சு. அப்புறம் கையை நீட்டினான். போனைக் குடு. எதுக்கு? அப்பாவுக்குக் காட்டணும். இங்க பாரு, இந்த ரோட்டை, மலையை வெட்டி ஒட்ட வச்ச மாதிரி, கீழ ஒண்ணுமே இல்ல, இதைப் பார்த்தா மனுசன் இன்னைக்குப் பூராம் தூங்கமாட்டாரு, எந்த கியருடா போட்டேன்னு கேப்பாரு. காற்று அடித்தது. என் துப்பட்டா முகத்தில் சுற்றிக்கொண்டது, அதை எடுப்பதற்குக் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொண்டேன். மணி ஒன்றரை ஆகியிருக்கும். அங்க இப்ப ராத்திரி ரெண்டு மணி மாரீஸ், தூங்குவாரு. அவன் கை நீட்டியபடி ஒரு நொடி நின்றது. ஆமால்ல. பாவம், எழுப்ப வேணாம். காலையில காட்டுவோம். என்னை ஒரு போட்டோ எடு, பின்னாடி ரோடு தெரியணும், ஏரி தெரியலேன்னாலும் பரவாயில்ல. எடுத்தேன். என் போனில்தான் எடுத்தேன், அவனிடம் கொடுக்காமல். ஒரு தடவை, இரண்டு தடவை. சிரிடா என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இறக்கத்தில் அவன் நிதானமாக வந்தான். பிரேக்கை மிதிக்காமல் கியரிலேயே பிடித்துக்கொண்டு வந்தான், மாமா சொல்லிக்கொடுத்தபடி. வலது பக்கம் பாறை, இடது பக்கம் தாழ்வான கல் சுவர், அதற்கு அந்தப்பக்கம் ஆகாசம். பயமே வரவில்லை. இந்த வளைவில் இருவரும் போய்விட்டால் சொல்ல வேண்டியதில்லை என்று ஒரு நினைப்பு வந்து, பின்சீட்டில் உட்கார்ந்து, இறங்கிப் போனது. ஊர் வந்தது. பைன் மரங்களுக்கு நடுவே மோட்டல்கள், பனிச்சறுக்குக் கடைகள், பான்கேக் கடை. ஊருக்கு நடுவில் ஒரு கோடு. இந்தப்பக்கம் கலிபோர்னியா, அந்தப்பக்கம் நெவாடா. கோட்டைத் தாண்டிய உடனே காசினோக்கள், இருபது மாடி, காடு முடிந்து கண்ணாடி எழும்புகிற மாதிரி. பாத்தியா, சூதாட்டத்தை ஒரு அடி முன்னாடி வச்சா குத்தம், ஒரு அடி தள்ளி வச்சா தொழில், என்று மாரீஸ் சிரித்தான். முதலாளி, எந்த மிஷின் வேணும் உங்களுக்கு? பார்க்கிங் கட்டடத்துக்குள் நுழைந்து, சுற்றிச் சுற்றி ஏறி, மூன்றாவது மாடியில் இடம் கிடைத்தது. இன்ஜினை அணைத்தான். சாவியை எடுத்தான். லிப்ட் கதவு திறக்கும்போதெல்லாம் உள்ளே இருந்து மிஷின்களின் சத்தம் மணி மணியாக வந்தது, கதவு மூடியதும் நின்றது.

என்னங்க, என்றேன். அமெரிக்கா வந்த நாளில் இருந்து அவனை நான் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறேன். ஊர்க்காரர்கள் போனில் இருந்தால் மட்டும்தான் என்னங்க. அவன் கதவைத் திறக்கப் போன கையை எடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினான். முகத்தில் சிரிப்பு பாதி இருந்தது. மாமா தவறிட்டாருங்க. ஒரே அடியாகச் சொன்னேன். நினைத்ததுபோலவே சொன்னேன். எந்த மாமா, என்றான். எனக்கு எத்தனை மாமா இருக்கிறார்கள் என்று அவனுக்குத் தெரியும், அவன் கடைசியாக ஒரு மாமாவைத் தேடுகிறான், என் அம்மாவின் அண்ணனையோ தம்பியையோ. நான் அவன் கையைப் பிடித்தேன். அவன் பிடிக்க விட்டான். ஜிப்பைத் திறந்து அவன் போனை எடுத்து, அடைத்ததைத் திறந்து கொடுத்தேன். சில நொடி ஒன்றுமில்லை. அப்புறம் போன் அதிர ஆரம்பித்தது, நிற்காமல், அவன் உள்ளங்கையில் உயிருள்ள பொருள்போல். அழகர், அழகர், அழகர், அத்தை, அழகர். அவன் அழுத்தினான். ஒரே மணியில் எடுத்துவிட்டார்கள். எங்கண்ணே போனீங்க ரெண்டு பேரும், என்று அழகர் கத்தியது எனக்கே கேட்டது. எத்தனை தடவைண்ணே கூப்புடுறது, மதினிகிட்டச் சொன்னேனே. எப்படா, என்றான் மாரீஸ். எப்படா அழகரு? இப்பத்தாண்ணே. அரை மணி நேரந்தாண்ணே ஆகுது.

அரை மணி நேரம். நான் மறுபடி கேட்க விரும்பினேன். அழகர் தவறாகச் சொல்கிறான், அழுகையில் கணக்குத் தெரியவில்லை அவனுக்கு. அரை மணி முன்னால் நாங்கள் இறக்கத்தில் வந்துகொண்டிருந்தோம். அதற்கு முன்னால் உச்சியில் நின்றோம். அதற்கு முன்னால். அதற்கு முன்னால். மாரீஸ் கதவைத் திறந்து இறங்கி, முன் டயருக்குப் பக்கத்தில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்துவிட்டான். டயரில் நெற்றியை வைத்துக்கொண்டான். போன் அவன் கையில் இன்னும் பேசிக்கொண்டிருந்தது. லிப்ட் திறந்து வயதான வெள்ளைக்காரத் தம்பதி வெளியே வந்தார்கள், அந்த அம்மா என்னைப் பார்த்து, அவனைப் பார்த்து, தோற்றுவிட்டான் என்று நினைத்திருப்பாள், என் தோளை மெல்லத் தொட்டுவிட்டுப் போனாள். மாரீஸ் எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். பக்கத்துப் பெரிய ஊரான ரீனோவின் விமான நிலையத்துக்கு மூன்று பேரிடம் வழி கேட்டான். ஃப்ரீமாண்டில் இருக்கும் நண்பனைக் கூப்பிட்டு, சாவி வீட்டுக்கார அம்மாவிடம் இருக்கிறது, பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு சான் பிரான்சிஸ்கோ வா என்றான். வண்டியைப் பார்க்கிங்கிலேயே விட்டுவிட்டு ஏறிய ஏர்போர்ட் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து, தன் போனில் வந்த அழைப்புகளின் பட்டியலை மேலே தள்ளிக்கொண்டே போனான். முதல் அழைப்பில் நின்றான். பதினொன்று பத்து. மூன்று நிமிஷம். எடுக்கப்பட்டது. அதை நெடுநேரம் பார்த்தான். அப்புறம் போனைக் கவிழ்த்துத் தொடையில் வைத்துக்கொண்டு, வண்டி அப்ப நின்னுட்டுத்தானே இருந்துச்சு, என்றான். என்னைப் பார்த்துக் கேட்கவில்லை. ஆமா, என்றேன். ஜன்னலுக்கு வெளியே மலை பின்னால் போய்க்கொண்டிருந்தது.

*

அக்கா சொன்னது இவ்வளவுதான். மாரீஸ் அண்ணன் போய்க் கொள்ளி வைத்தார். நாலு மாதம் விசாவுக்காக ஊரில் இருந்து, பிறகு திரும்பினார். இருவரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். ‘அவரு நல்லாத்தான் பேசுறாரு. எல்லாத்துக்கும் பதில் சொல்றாரு’ என்று ஒரு ஞாயிறு சொன்னாள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

போன மாதம் அவள் என்னிடம் ஒன்று கேட்டாள். அழகர் முதலில் கூப்பிட்டதிலிருந்து அந்த இரண்டரை மணி நேரமும் மாமாவுக்கு நினைவு இருந்ததா என்று தெரிய வேண்டும். நினைவே இல்லை மதினி, வீணா மனசைப் போட்டுக் குழப்பாதீங்க என்று அழகர் அவளிடம் பலமுறை சொல்லியிருக்கிறான். ‘அவன் அப்படித்தான் சொல்லுவான். நீ போய் ஆஸ்பத்திரி ஃபைலைப் பாரு. எதுவா இருந்தாலும் நேராச் சொல்லு. மொதல்ல காய்ச்சல்னு ஆரம்பிக்காத.’

விருதுநகருக்குப் போனேன். எனக்கு அடுத்தவர் வீட்டில் காகிதம் கேட்கக் கூச்சம். இரண்டு முறை தெருவைச் சுற்றிவிட்டுத்தான் உள்ளே போனேன். அழகர் முதலில் மறுத்தார். பிறகு பீரோவைத் திறந்து பிளாஸ்டிக் உறையை எடுத்துக் கொடுத்துவிட்டு, வாசலில் போய் நின்றுகொண்டார். இன்சூரன்ஸுக்காக வாங்கிய நகல்கள். அதில் நர்ஸ் எழுதும் தாளும் இருந்தது. அங்கேயே உட்கார்ந்து அக்காவுக்குப் போன் செய்து, இருந்ததை இருந்தபடி படித்தேன். அங்கே வெங்காயம் நறுக்கும் சத்தம் நின்றது. இறந்த நேரம் இரண்டு இருபது என்று இருந்தது. அதற்கு மேலே, ஒன்று பத்துக்கு, ஆங்கிலத்தில் நீல மையில் இருந்த வரிகளைத் தமிழில் எழுதுகிறேன்: நோயாளி விழிப்புடன் இருக்கிறார். கண்ணாடி கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். வெளிநாட்டில் உள்ள மகனின் அழைப்புக்காகச் செல்போன் அனுமதிக்கப்பட்டது, கையில் வைத்திருக்கிறார்.